வழித்துணையும் பாட்டும்

தமிழ்நாட்டை விட்டு வெளி மாநிலங்களில் வாழ்வோருக்கு நன்கு பழக்கமான அனுபவம் ஒன்று உண்டு. நாகபுரியிலோ புனேயிலோ கொல்கத்தாவிலோ கடைத்தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டு நிற்கிறோம். எதிர்க் கடையில் ஒலிக்கும் பாட்டு ஒன்று காதில் விழுகிறது. அது தமிழ்ப் பாட்டாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. எந்த மொழிப் பாட்டாயினும் சரி, கையிலிருக்கும் வெண்டைக்காய் மறந்துபோகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு சென்ற ஒரு பயணமும், ரயில் சன்னலும், எதிரே அமர்ந்திருந்த நண்பரின் முகமும் கண்முன் வந்து நிற்கின்றன. பாட்டு முடிகிறது. கடைக்காரர் சில்லறை கேட்கிறார். நாம் மீண்டும் காய்கறிக் கடைக்குத் திரும்புகிறோம்.

இந்த அனுபவத்தை ஏதோ மனத்தின் விளையாட்டு என்று எண்ணி நாம் விட்டுவிடுகிறோம். ஆனால் இதில் ஆராயத்தக்க செய்திகள் பல உள்ளன. மற்றப் பொருள்களைவிடப் பாட்டுக்கு மட்டும் இவ்வாற்றல் மிகுதியாக இருப்பது ஏன்? வீட்டில் கழிந்த ஆயிரம் நாள்களை விட்டுவிட்டு, வழியில் கழிந்த ஒரு நாளை அது கொண்டுவருவது எதனால்? அப்பயணத்தில் உடன் வந்த நண்பருக்கு இதில் என்ன பங்கு? இவற்றை அறிந்துகொள்வதால் நம் குடும்பங்களுக்கு ஏதேனும் பயன் உண்டா? இந்த நான்கு கேள்விகளுக்கும் இயன்ற அளவில் விடை காண்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

இசைக்கும் இடத்துக்கும் உள்ள உறவு தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைக் கூறுகிறது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் என்று அடுக்கிவரும் அப்பட்டியலில் யாழின் பகுதியும் இடம் பெறுகிறது. அதாவது, ஒரு நிலத்துக்கு அதன் மரமும் பறவையும் எவ்வளவு உரியனவோ, அவ்வளவு உரியது அந்நிலத்தின் பண்ணும். பண்ணைக் கேட்டால் நிலம் நினைவுக்கு வரும் என்பது அந்த இலக்கணத்தின் உள்ளே பொதிந்திருக்கும் கருத்து எனலாம்.

மேலைநாட்டிலும் இதை ஒட்டிய வரலாறு ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்தின் மலைக் கிராமங்களிலிருந்து இளைஞர்கள் அயல்நாட்டுப் படைகளில் கூலிக்குச் சேர்ந்து போர்புரிந்த காலம் அது. சொந்த ஊர் ஏக்கத்தால் அவர்களில் பலர் நோயுற்றனர். 1688-ஆம் ஆண்டில் யோஹானஸ் ஹோபர் என்ற மருத்துவ மாணவர், பேசல் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வுரையில் அந்த ஏக்கத்தை ஒரு நோயாகவே விவரித்தார். வீடு திரும்புதல், வலி என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அதற்கு 'நாஸ்டால்ஜியா' என்று பெயரிட்டார். இன்று உலக மொழிகள் பலவற்றில் வழங்கும் இச்சொல், பிழைப்புக்காக வெளியூர் சென்றவர்களின் துன்பத்தைக் குறிக்கப் பிறந்தது என்பதை நம் போன்றோர் அறிந்துகொள்வது நல்லது.

அந்தச் சுவிஸ் வீரர்களிடையே மாடு மேய்ப்போர் பாடும் மெட்டு ஒன்று பெருமதிப்புப் பெற்றிருந்தது. அதைக் கேட்டால் வீரர்கள் கண்ணீர் விடுவதும் படையை விட்டு ஓடுவதும் உண்டு என்றும், ஆகவே அதை இசைப்பது தடைசெய்யப்பட்டிருந்தது என்றும் அறிஞர் ரூஸோ தம் இசை அகராதியில் எழுதினார். அந்நூல் வெளிவந்த ஆண்டு 1768. அந்த மெட்டை ஆராய்ந்த ரூஸோ, இவ்வளவு பெரிய விளைவை உண்டாக்கத்தக்க தனிச் சிறப்பு எதையும் அதன் சுரங்களில் காணவில்லை. அயலார் அதைக் கேட்டால் அவர்கள் மனம் அசைவதில்லை. ஆகவே, அங்கே மெட்டு இசையாகச் செயல்படவில்லை. நினைவைக் குறிக்கும் ஓர் அடையாளமாகவே செயல்படுகிறது என்று அவர் முடிவு செய்தார். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கூறப்பட்ட இக்கருத்தை இன்றைய உளவியலார் வேறு சொற்களில் ஏற்றுக்கொள்கின்றனர். பாட்டின் பெருமை ஒரு புறம் இருக்கட்டும். அதனோடு எது ஒட்டிக்கொண்டது என்பதே நினைவுக்கு முக்கியம்.

இதற்கு நம் நாட்டிலிருந்தே ஓர் உதாரணம் கூறலாம். 1969-இல் வெளிவந்த 'ஆராதனா' என்ற இந்திப் படத்தில் ஒரு ரயில் பாட்டு உண்டு. எஸ். டி. பர்மன் இசையில் கிஷோர் குமார் பாடியது. டார்ஜிலிங் மலை ரயிலில் கதாநாயகி அமர்ந்திருக்க, அருகே சாலையில் ஜீப்பில் வரும் கதாநாயகன் பாடுவதாகக் காட்சி. அந்தப் படம் 1974-இல் 'சிவகாமியின் செல்வன்' என்ற பெயரில் தமிழிலும் எடுக்கப்பட்டது. அதற்கு முன்பே இந்திப் படத்தின் பாட்டுகள் தமிழ் இளைஞர்களிடையே பரவியிருந்தன. இப்பாட்டு எந்த ஊரைச் சேர்ந்தது என்று கேட்டால், டார்ஜிலிங்கைச் சேர்ந்தது என்று யாரும் எளிதில் விடை கூறுவர்.

ஆனால் என்னைப் பொறுத்தவரை அது சிம்லாவைச் சேர்ந்தது. 2007-ஆம் ஆண்டு கோடையில், அலுவலகத்தில் உடன் பணிபுரிந்த வங்காள நண்பர் ஒருவரும் நானும் தில்லியிலிருந்து காள்கா சென்று, அங்கிருந்து சிம்லாவுக்கு மலை ரயிலில் ஏறினோம். 1903-இல் திறக்கப்பட்ட அப்பாதையின் நீளம் ஏறத்தாழ 96 கிலோமீட்டர். வழியில் நூற்றுக்கு மேற்பட்ட சுரங்கங்கள். அவற்றுள் நீளமானது பரோக் என்ற இடத்தில் உள்ளது; ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. (அடுத்த ஆண்டு, 2008-இல், இப்பாதை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.) எங்கள் பெட்டியில் இருந்த கல்லூரி மாணவர்கள், அந்த நீண்ட சுரங்கத்தின் இருளில் மேற்கூறிய பாட்டைக் கைதட்டிப் பாடினார்கள். இன்று அப்பாட்டு எங்கே ஒலித்தாலும், நான் காண்பது திரையில் கண்ட நடிகர்களை அல்ல. இருளிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தபோது தெரிந்த ஊசியிலை மரங்களையும், கண்ணாடிக் குவளையில் தேநீர் வைத்துக்கொண்டு சிரித்த என் நண்பரையும்தான் காண்கிறேன்.

நண்பருக்கோ அது வேறு பயணம். அவர் சிலிகுரியில் வளர்ந்தவர். டார்ஜிலிங் மலை ரயில் அவர் ஊரின் அடிவாரத்திலிருந்து ஏறுகிறது. பள்ளி நாள்களில் வகுப்புத் தோழன் ஒருவனுடன் அந்த ரயிலில் கர்சியாங் வரை சென்று, வீட்டில் சொல்லாமல் சென்றதற்காகத் தந்தையாரிடம் வசவு வாங்கிய கதை அந்தப் பாட்டைக் கேட்டாலே அவருக்கு வந்துவிடும். பாட்டு ஒன்றே, பயணங்கள் இரண்டு. சென்னையில் 1970-ஐ ஒட்டி மாணவராக இருந்த ஒரு பெரியவரைக் கேட்டால், நண்பர்களோடு பேருந்தில் தொற்றிக்கொண்டு படம் பார்க்கச் சென்றதைச் சொல்லக்கூடும். ரூஸோவின் கூற்று இங்கே நன்றாகப் பொருந்துகிறது.

இனி, இது எவ்வாறு நிகழ்கிறது என்பதைப் பார்ப்போம். நினைவு என்பது ஒரே பெட்டகம் அன்று. எண்டெல் டல்விங் என்ற உளவியலார் 1972-இல் இரு வகை நினைவுகளைப் பிரித்துக் காட்டினார். கங்கை எங்கே பிறக்கிறது, இரண்டும் மூன்றும் எத்தனை என்பன போன்ற செய்திகள் ஒரு வகை. அவற்றை எப்போது, எங்கே கற்றோம் என்பது நமக்குத் தெரிவதில்லை. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னாரோடு இருந்தேன் என்னும் நிகழ்ச்சி நினைவு மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகையை மனம் தனித்தனிப் பொருளாக வைப்பதில்லை. ஒரு கட்டாகக் கட்டி வைக்கிறது. கண்டது, கேட்டது, முகர்ந்தது, அப்போதிருந்த மனநிலை ஆகிய எல்லாம் அக்கட்டில் அடங்கும். கட்டின் ஒரு நுனி கையில் அகப்பட்டால், இழுத்தவுடன் மற்றவையும் வந்துவிடும். நிகழ்ச்சி பதிந்தபோது உடனிருந்த குறிப்பே பிற்காலத்தில் அதை மீட்கச் சிறந்த குறிப்பு என்று டல்விங்கும் தாம்சனும் 1973-இல் விளக்கினர்.

பாட்டு இத்தகைய நுனியாக அமைவதற்குத் தக்க காரணங்கள் உள்ளன. புகைப்படம் ஒரு கணத்தைக் காட்டுகிறது. பாட்டு நான்கு நிமிடம் ஓடுகிறது. அந்த நான்கு நிமிடமும் நினைவு வளர்வதற்கு அவகாசம் தருகிறது. மேலும், பாட்டைக் கேட்கக் கண்ணும் கையும் தேவையில்லை. கண் வெளியே வயலையும் ஆற்றையும் பார்த்துக்கொண்டிருக்க, கை நண்பரோடு கடலையைப் பகிர்ந்துகொண்டிருக்க, காது பாட்டைக் கேட்கிறது. ஆகவே கண் கண்டதும் கை செய்ததும் காது கேட்டதும் ஒரே முடிச்சில் விழுகின்றன. மூன்றாவதாக, பாட்டு மாறுவதில்லை. ஊர் மாறுகிறது, முகம் மாறுகிறது, ரயில் பெட்டியின் நிறம்கூட மாறுகிறது. ஒலிப்பதிவான பாட்டு மட்டும் அன்று கேட்டவாறே இன்றும் கேட்கிறது.

இதைச் சோதித்துப் பார்த்தவர்களும் உளர். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பீட்டர் ஜனாட்டா என்ற அறிஞரும் அவர் குழுவினரும், மாணவர்களுடைய இளம் பருவத்தில் புகழ்பெற்றிருந்த பாட்டுகளின் சிறு பகுதிகளை அவர்கள் கேட்கச் செய்தனர். 2007-இல் வெளியான அந்த ஆய்வில், கேட்ட பாட்டுகளில் சராசரியாக நூற்றுக்கு 30 ஏதேனும் ஒரு சொந்த நிகழ்ச்சியை நினைவூட்டின. பாட்டைத் தேர்ந்தவர்கள் ஆய்வாளர்கள். அந்த மாணவர்களுடைய வாழ்க்கை இன்னதென்று அவர்களுக்குத் தெரியாது. அப்படியிருந்தும் இவ்வளவு! 2009-இல் அதே அறிஞர் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, நெற்றிக்குப் பின்புறத்தில் உள்ள மூளையின் நடுப்பகுதி, பாட்டையும் சொந்த நினைவையும் உணர்ச்சியையும் இணைப்பதில் பங்கு கொள்வதாகக் கண்டார். கனடாவின் மான்ட்ரியாலில் நடந்து 2011-இல் வெளியான மற்றோர் ஆய்வு, மனத்தை உருக்கும் இசையைக் கேட்கும்போது மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருள் சுரப்பதைக் காட்டியது. உணவு முதலிய இன்பங்களோடு தொடர்புடைய அதே பொருள்தான் அது. உணர்ச்சியோடு பதிந்தது எளிதில் அழிவதில்லை என்பது நம் பாட்டிமாரும் அறிந்த உண்மை.

அடுத்து, வீட்டில் கழிந்த நாள்களை விடுத்துப் பயணத்தைப் பாட்டு பற்றிக்கொள்வது ஏன்? ஒரே குறிப்போடு பல நிகழ்ச்சிகள் ஒட்டிக்கொண்டால், அக்குறிப்பு அவற்றுள் எதையும் தெளிவாக மீட்டுத் தராது என்பது உளவியலார் 1975-ஆம் ஆண்டு முதல் விளக்கிவரும் ஒரு விதி. இதை விளங்கிக்கொள்ள நம் வானொலியின் அடையாள இசையையே எடுத்துக்கொள்ளலாம். செக் நாட்டிலிருந்து அகதியாக இந்தியா வந்த வால்டர் காஃப்மன் 1930-களில் அமைத்ததாகக் கூறப்படும் அவ்விசையை, நம்மில் முதியவர்கள் ஆயிரக்கணக்கான காலைப் பொழுதுகளில் கேட்டிருக்கிறார்கள். இன்று அதைக் கேட்டால் அவர்களுக்கு என்ன தோன்றுகிறது? காப்பி மணமும் பள்ளிக்குப் புறப்படும் அவசரமும் கலந்த பொதுவான ஒரு காலைப்பொழுது தோன்றுகிறது. 1964-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட ஒரு செவ்வாய்க்கிழமை தோன்றுவதில்லை. ஆயிரம் நாள்கள் ஒரே நூலில் கோக்கப்பட்டுவிட்டன.

பயணத்தில் கேட்ட பாட்டு அப்படியன்று. சென்னையிலிருந்து தில்லிக்கு ரயிலில் ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். கிருஷ்ணா, கோதாவரி, நருமதை, சம்பல் என்று ஒவ்வொரு நதியாகக் கடக்கிறோம். நிலையத்துக்கு நிலையம் பெயர்ப்பலகையின் எழுத்து மாறுகிறது. தேநீர் விற்பவரின் குரல் மாறுகிறது. எல்லாம் புதியன, ஆகவே மனம் விழித்திருக்கிறது. பயணத்துக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. ஆகவே அது தனி ஏடாகப் பிரிந்து நிற்கிறது. அவ்வேட்டில் குறிக்கப்பட்ட பாட்டை வேறு ஏடுகளில் தேடவேண்டியதில்லை.

வயதுக்கும் இதில் இடம் உண்டு. முதியவர்களைத் தம் வாழ்க்கை நிகழ்ச்சிகளைச் சொல்லுமாறு கேட்டால், ஏறத்தாழ 10 வயது முதல் 30 வயது வரையுள்ள காலத்து நிகழ்ச்சிகளையே மிகுதியாகச் சொல்கின்றனர் என்பது பல ஆய்வுகளில் கண்ட முடிவு. வெளி மாநிலம் வந்த தமிழருள் பலருக்கு, முதல் வேலை, முதல் நெடும்பயணம், அயல் மொழி பேசும் முதல் நண்பர் ஆகிய மூன்றும் அந்த வயதில்தான் வாய்த்தன. நம் நினைவில் பாட்டும் பயணமும் நட்பும் இவ்வளவு பின்னிக் கிடப்பதற்கு இது ஒரு காரணம்.

இங்கே, மொழியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வெளியூர்த் தமிழர், தமிழ்ப் பாட்டு மட்டுமே நம்முடையது, மற்றவை அக்கம்பக்கத்தாருடையவை என்று எண்ணுவதுண்டு. சொந்த ஊரை நினைவூட்டுவதில் தமிழ்ப் பாட்டுக்கு இணை இல்லை என்பது மெய்யே. ஆனால், வந்த ஊரில் நாம் வாழ்ந்த வாழ்க்கையை எந்தப் பாட்டு காத்து வைக்கிறது? ஆட்டோவில் கேட்ட மராத்திப் பாட்டும், பூசைப் பந்தலில் கேட்ட வங்காளிப் பாட்டும், ரயிலில் மாணவர்கள் பாடிய இந்திப் பாட்டும் அல்லவா? ஒரு நண்பரோடு ஒரு வழியில் கேட்டதனாலேயே அவை நம்முடையவை ஆகிவிட்டன. அதற்கு இலக்கணமும் தேவைப்படவில்லை, பொருள் முழுதும் விளங்கவேண்டும் என்பதும் தேவைப்படவில்லை.

இப்போது நண்பரின் பங்குக்கு வருவோம். தனியே செல்பவர் கேட்ட பாட்டு அவரிடம் மட்டுமே இருக்கிறது. துணையோடு சென்றவர் கேட்ட பாட்டு இருவரிடமும் இருக்கிறது. இருவரும் சேர்ந்து முணுமுணுக்கிறார்கள். ஊர் திரும்பியபின் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். பேசப் பேச நினைவு உரம் பெறுகிறது. நெருங்கிப் பழகுவோர் தங்களை அறியாமலே நினைவு வேலையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்று டேனியல் வெக்னர் என்ற உளவியலாரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1985-இல் எழுதினர். ஊர்ப் பெயர்களை ஒருவர் வைத்துக்கொள்கிறார். உண்டதையும் செலவழித்ததையும் மற்றவர் வைத்துக்கொள்கிறார். வீட்டில் கணவன் மனைவியரிடம் இதைத் தினமும் காணலாம்.

இதன் பொருள் என்ன? நம் பயணத்தின் ஒரு பாதி நம்மிடம் இல்லை, நண்பரிடம் இருக்கிறது. என் சிம்லா நண்பர் பிற்பாடு குவாஹாட்டிக்கு மாற்றலாகிச் சென்றார். சில மாதங்களுக்கு முன் தொலைபேசியில் பேசும்போது அந்த ரயில் பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. மாணவர்கள் பாடியது நாம் மலையிறங்கும்போது அல்லவா என்றார் அவர். மலையேறும்போது என்பது என் நினைவு. இருவரில் எவர் சொல்வது சரி என்று தீர்க்க இன்று சாட்சி எதுவும் இல்லை. ஆனால் அவர் மற்றொன்றும் கூறினார். "சுரங்கத்தின் இருட்டில் ஒரு குழந்தை பயந்து அழுதது. அந்தக் குழந்தையைச் சமாதானப்படுத்தத்தானே அவர்கள் பாட ஆரம்பித்தார்கள்?" என்றார். அந்தக் குழந்தை என் நினைவில் இல்லவே இல்லை. பதினெட்டு ஆண்டுகளுக்கு மேலாக நான் போற்றி வந்த பாட்டு எதற்காகப் பாடப்பட்டது என்பதையே அன்றுதான் அறிந்தேன்.

இதிலிருந்து ஓர் எச்சரிக்கையும் கிடைக்கிறது. பாட்டு கொண்டுவரும் காட்சி தெளிவாக இருக்கிறது என்பதனால், அது அப்படியே நிகழ்ந்தது என்று முடிவு கட்டலாகாது. 1986-இல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், அச்செய்தியை எங்கே, எவ்வாறு கேட்டீர்கள் என்று ஒரு பல்கலைக்கழக மாணவர்களிடம் எழுதி வாங்கினார்கள். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் கழித்து மீண்டும் கேட்டபோது, பலர் தாம் முன்பு எழுதியதற்கு முற்றிலும் மாறாகச் சொன்னார்கள். சொன்னதில் அவர்களுக்கு ஐயமும் இல்லை. நினைவு கல்வெட்டு அன்று. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் சிறிது மாறி எழுதப்படும் ஏட்டுச் சுவடி. ஆகவே நண்பரோடு நினைவை ஒப்பிடுவது வெறும் பொழுதுபோக்கு அன்று. சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் காண்பது போன்ற பணி அது.

கடைசியாக, இந்த அறிவின் பயனைக் கூறவேண்டும். தில்லி கரோல்பாக், மும்பை மாதுங்கா முதலிய இடங்களில் மூன்று தலைமுறையாகத் தமிழர்கள் வாழ்கின்றனர். வேலைக்காகவும் திருமணமாகியும் அங்கே வந்தவர்கள் முதுமை அடைந்திருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு மறதி நோய் வந்திருக்கிறது. பேரப் பிள்ளைகள் பேசும் மொழி வேறு. அக்கம்பக்கத்துப் பழைய நண்பர்கள் இடம் மாறிப் போய்விட்டார்கள். வெளியூரில் முதியவரின் மறதி இரட்டைத் தனிமை.

எங்கள் உறவில் பெரியம்மா ஒருவர் 1968-இல் மணமாகித் தில்லி வந்தவர். இப்போது உணவு உண்டாயிற்றா என்பதே அவருக்கு நினைவிருப்பதில்லை, மருமகளைச் சில வேளை "நீ யாரம்மா?" என்று கேட்கிறார். ஒரு நாள் மாலை எம். எஸ். சுப்புலட்சுமி பாடிய மீரா பஜன் ஒன்று வானொலியில் வந்தது. 1947-இல் இந்தியில் வெளிவந்த 'மீரா' படத்தின் வழியே அவர் குரல் வடநாட்டின் வீடுகளிலெல்லாம் புகுந்தது என்பது யாவரும் அறிந்ததே. பெரியம்மா கூடவே பாடினார். ஒரு சொல்லும் தவறவில்லை. பாடி முடித்து, அடுத்த வீட்டுப் பஞ்சாபி சிநேகிதியோடு பேருந்தில் ஹரித்வார் சென்றதைச் சொல்லத் தொடங்கினார். "எனக்கு இந்தி தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. இந்தப் பாட்டு ரெண்டு பேருக்கும் தெரியும். போற வழியெல்லாம் அவள்தான் எனக்கு அர்த்தம் சொன்னாள்" என்றார். தம் தாயார் இந்தி கற்றது யாரிடம் என்பது அவருடைய மகனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் அன்றுதான் தெரிந்தது. கால்மணி நேரம் கழித்துப் பெரியம்மா, "சாப்பிட்டாச்சா?" என்று மறுபடி கேட்டார். பாட்டு நோயைத் தீர்க்கவில்லை. ஆனால் அந்தக் கால்மணி நேரத்தில் அவர் நோயாளியாக இல்லை. கதை சொல்லும் தாயாக இருந்தார்.

இதற்கும் காரணம் கூறப்பட்டுள்ளது. ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், நெடுநாள் பழகிய இசையோடு தொடர்புடைய மூளைப் பகுதிகள், அல்சைமர் எனப்படும் மறதி நோயில் மற்றப் பகுதிகளைப்போல் அவ்வளவு விரைவில் தேய்வதில்லை என்று கண்டனர். பெயர்களும் தேதிகளும் போனபின்னும் மெட்டுகள் தங்கியிருப்பது இதனால்தான் என்று அவர்கள் கருதுகின்றனர்.

ஆகவே வீட்டில் முதியவர்கள் உள்ளவர்கள் சில முறைகளைக் கையாளலாம். முதலாவது, நமக்குப் பிடித்த பாட்டை அவர்களுக்குப் போடுவதில் பயன் குறைவு. அவர்களுடைய 15 வயது முதல் 30 வயது வரை எந்தப் பாட்டுகள் வழங்கின என்று கணக்கிட்டுத் தேடவேண்டும். 1945-இல் பிறந்தவருக்கு 1960 முதல் 1975 வரை வந்த பாட்டுகள் பொருந்தும். விவித் பாரதி 1957 அக்டோபரில் தொடங்கியது; இலங்கை வானொலியும் அந்நாளில் நம் நாட்டில் விரும்பிக் கேட்கப்பட்டது. அவற்றில் கேட்ட பாட்டுகளைக் கேட்டறிந்து குறித்துக்கொள்ளலாம். தமிழ்ப் பாட்டோடு நிறுத்திவிடாமல், அவர்கள் வாழ்ந்த ஊரின் மொழிப் பாட்டுகளையும் சேர்க்கவேண்டும்.

இரண்டாவது, பாட்டைப் போட்டுவிட்டுத் தேர்வு வைப்பதுபோல் கேள்வி கேட்கலாகாது. "யாரோடு போனீர்கள்? எந்த வருஷம்?" என்று அடுக்கினால் மறதியுள்ளவர் மிரண்டுபோவார். பாடவிட்டுக் காத்திருக்கவேண்டும். சொன்னால் கேட்டுக்கொள்ளவேண்டும், சொல்லாவிட்டால் பாட்டே போதும். ஏதேனும் ஒரு பாட்டு அழுகையையோ பதற்றத்தையோ உண்டாக்கினால், அதை உடனே நிறுத்திவிட வேண்டும். எல்லாப் பயணங்களும் இன்பப் பயணங்கள் அல்ல.

மூன்றாவது, நம்மைப் பற்றியது. இன்று செல்பேசியில் எந்தப் பாட்டையும் எந்நேரமும் கேட்கலாம். அது பெரிய வசதி. ஆயினும் அதில் ஓர் இழப்பும் உண்டு. ஒரு பயணத்தைக் காத்து வைத்திருக்கும் பாட்டைத் தினமும் சமையலறையிலும் குளியலறையிலும் கேட்டுக்கொண்டிருந்தால், அது நாளடைவில் சமையலறையின் பாட்டாகிவிடும். முன்னே சொன்ன அடையாள இசையின் கதிதான் அதற்கும். அருமையான சில பாட்டுகளை எப்போதாவது கேட்பதே அவற்றைக் காக்கும் வழி.

நான்காவதாக ஒன்று: ஒரு குறிப்பேட்டை எடுத்து, பாட்டு, வழி, துணை என்று மூன்று பத்திகள் வரைந்து, நினைவுக்கு வருவனவற்றை எழுதலாம். எழுதியபின் அந்தத் துணைவருக்கு ஒரு கடிதமோ தொலைபேசி அழைப்போ போகட்டும். "அன்று அந்தப் பாட்டு எங்கே கேட்டோம்?" என்ற ஒரு கேள்வி போதும். அவர் வேறு விதமாகச் சொன்னால் வழக்காட வேண்டாம், அதையும் எழுதிக்கொள்வோம்.

நான் பிழைப்புக்காகச் செய்வது மொழிபெயர்ப்பு. ஒரு பாட்டின் சொற்களை மற்றொரு மொழிக்குக் கொண்டுவருவது கடினம். ஆயினும் முயன்றால் ஓரளவு முடியும். அதனோடு ஒட்டிய பயணத்தை எந்த மொழிபெயர்ப்பாளராலும் கொண்டுவர முடியாது. அதை அறிந்தவர்கள் சென்றவர்களும் உடன் வந்தவர்களுமே. அவர்கள் சொல்லாவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அது ஒரு பழைய பாட்டாக மட்டுமே கேட்கும். ஆகவே, அடுத்த முறை கடைத்தெருவில் அத்தகைய பாட்டு காதில் விழுந்தால், வீடு திரும்பியதும் பிள்ளைகளை அழைத்து, அந்த வழியையும் வழித்துணையையும் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுங்கள்.